நீங்கள் போங்கோ

கோடைக்காலப் புதன்கிழமைகளில் எங்கள் சைக்கிள் கழகம் வெம்பிளி கிங் எட்வர்ட் பூங்கா வாசலிலிருந்து புறப்படும். ஜூன் கடைசியில் லண்டனில் சூரியன் விழ இரவு ஒன்பதே கால் தாண்டிவிடும். வேலை முடித்து ஆறரைக்குக் கிளம்பினாலும் வெளிச்சத்தோடு வீடு வரலாம். கென்டன், ஸ்டான்மோர், புரொக்லி ஹில் ஏற்றம், எல்ஸ்ட்ரீ, அதன் பிறகு வயல்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதைகள். லெட்ச்மோர் ஹீத் கிராமத்துக் குளத்தடியில் ஒரு தரிப்பு. ஜோர்ஜ் ஹரிசன் 1973இல் கிருஷ்ண பக்தர்களுக்குக் கொடுத்த பக்திவேதாந்த மேனர் அங்கேதான் இருப்பதால், சைக்கிள் தொடாத எங்கள் ஆட்களுக்கும் அந்தக் குளம் தெரிந்திருக்கும்.

கழகத்தில் ஒரு விதி உண்டு: ஒருவரையும் விட்டுப்போவதில்லை. அதற்காக ஒருவர் எப்போதும் கடைசியாக வருவார். போன ஜூனில் ஒரு புதன், அந்தக் கடைசி ஆள் நான்.

அன்று புதிதாய் ஓர் அண்ணை வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்றவர். புரொக்லி ஹில்லில் இறங்கித் தள்ளத் தொடங்கினார். ஏற்றம் முடிந்த பிறகும் அவருக்கு மூச்சு வரவில்லை. மற்றவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். "தம்பி, நீங்கள் போங்கோ. போனில மப் இருக்கு. நான் ஆறுதலா வாறன்" என்றார். "சரி அண்ணை" என்று சொல்லிப் பெடலை மிதித்தேன். நேரம் போகிறதே என்ற எரிச்சல் எனக்கு முன்பே இருந்தது. அவர் வாயால் அந்தச் சொல் வந்தது வசதியாகப் போய்விட்டது.

குளத்தடியில் எங்களை நடத்திவந்த ஆங்கிலப் பெண் தலைகளை எண்ணினார். பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் எங்கே என்று கேட்டார். அவர்தான் போகச் சொன்னார் என்றேன். "சொல்லத்தான் செய்வார்" என்றபடி சைக்கிளைத் திருப்பினார். என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை, என் விளக்கத்தைக் கேட்கவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. வளர்ந்த மனிதர் ஒருவர் தெளிவாகச் சொல்கிறார். அதை நம்பாமல் இருப்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவது அல்லவா? இந்த நாட்டில் படித்தபோதும் வேலையிலும் நான் கற்ற நாகரிகம் அதுதான்: ஒருவர் சொன்னால் சொன்னதுதான். உள்ளே வேறென்ன நினைக்கிறார் என்று துருவுவது அத்துமீறல். இப்போதும் இதைப் பிழை என்று முழுதாகத் தள்ள எனக்கு மனமில்லை. தனியாக ஓடத்தான் பிடிக்கும் என்று சொல்லித் தனியாகவே ஓடுகிற ஒருவர் எங்கள் கழகத்தில் இருக்கிறார். அவருக்காகக் காத்து நிற்பது தொந்தரவு.

ஆனால் நான் வளர்ந்த வீட்டில் "தேத்தண்ணி வேண்டாம்" என்று விருந்தாளி சொன்னால் யாரும் அடுப்பை அணைத்ததில்லை. "சாப்பிட்டிட்டன்" என்ற சொல்லை மூன்றாம் தரம் கேட்டாலும் அம்மா நம்பமாட்டார். மறுப்புக்குள் இருக்கிற கூச்சத்தைக் கேட்கத் தெரிந்த ஆட்கள் நாங்கள். தேத்தண்ணிக்கு அந்தக் காது திறந்திருக்கிறது. "நீங்கள் போங்கோ" என்பதற்கு மட்டும் அது அடைத்துக்கொள்கிறது, அதுவும் எங்களுக்குப் போகவேண்டி இருக்கும்போது.

இது எனக்கு முதல் தரமல்ல.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் அந்த மாலை எழும்பி, இரவோடிரவாக மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எங்களிடம் ஒரு லுமாலா சைக்கிள் இருந்தது. கரியரில் ஒரு பெட்டி, பாரில் அரிசிப்பை. அடுத்த வளவில் எனக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் தனியே இருந்தார். கால் ஏலாது. வாசலில் நின்று கூப்பிட்டேன். "நீ போடா தம்பி, நான் பின்னால வாறன்" என்றார். எங்கேயும் வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெட்டியை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. அவர் போகச் சொன்னதும் எனக்குள் ஏதோ லேசானது. பதினெட்டு வயதில் அதற்குப் பெயர் தெரியவில்லை.

1996இல் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியபோது நாங்களும் திரும்பினோம். மாஸ்டர் உயிரோடுதான் இருந்தார். அப்படியானால் நான் செய்தது சரியாகப் போய்விட்டதா? அவர் பிழைத்தது என் செயலில் எதையும் மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னது: "அண்டைக்கு இரவு சைக்கிள் சத்தம் கேட்டு ரண்டு தரம் எழும்பிப் படலையடிக்கு வந்து பார்த்தனான்."

மகாபாரதத்தின் கடைசிப் பயணத்தில் முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், வீமன். ஒவ்வொருவர் விழும்போதும் வீமன் காரணம் கேட்கிறான். தான் விழும்போதும் கேட்கிறான். தருமர் திரும்பிப் பாராமல் விழுந்தவரின் குறையைச் சொல்லிவிட்டு நடக்கிறார். முன்னால் போகிறவனுக்கு ஒரு காரணம் தேவை. ஆனால் சுவர்க்கத்துக்கு அழைப்பு வந்ததும், கூட வந்த நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிடுகிறார். நாய்க்கு "நீங்கள் போங்கோ" என்று சொல்லத் தெரியாது. அதனால்தானோ என்னவோ.

கூட்டமாகச் சைக்கிள் ஓடும்போது முன்னால் போகிறவர் காற்றை உடைக்கிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். விடுபட்டவர் அதே காற்றைத் தனியே தள்ளவேண்டும். களைத்தவருக்கே பாரம் கூடுகிறது. இதை நன்றாகத் தெரிந்த கழகம், காத்திருப்பதா என்ற கேள்வியை நடுவழியில் வைப்பதில்லை. களைத்துப்போன ஒருவரிடம் "நிற்கட்டுமா?" என்று கேட்டால் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கும். அந்தக் கேள்வி அவரையே தன்னை விட்டுவிடும்படி சொல்ல வைக்கிறது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் "லீவெடுத்து அலையாதை ராசா, எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்வதற்கும், முதலில் "வரட்டுமா?" என்று நான் கேட்டதுதான் காரணம். டிக்கெட்டைப் போட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் அவர் சமைக்கத் தொடங்கியிருப்பார்.

நானும் அந்தப் பெண்ணின் பின்னால் திரும்பிப் போனேன். அண்ணை எல்ஸ்ட்ரீ தாண்டி ஒரு மதிலில் இருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவசரமாக மூடியைத் திருகினார். "ஏன் திரும்பி வந்தனியள்? உங்களுக்கெல்லாம் வீண் கரைச்சல்."

இறங்கி வரும்போது அவருக்குப் பின்னால் வந்தேன். தூரத்தில் வெம்பிளி மைதானத்தின் வளைவில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவர் இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தம்பி, நீங்கள் முன்னால போங்கோவன்" என்றார்.

"ஏலாதண்ணை. பின்சில்லில காத்துக் குறைவு" என்றேன்.

என் சில்லைக் குனிந்து பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"அப்ப சரி" என்றார்.