முறையீடும் விசுவாசமும்

துன்பத்தில் இருப்பவர் கடவுளை நம்ப வேண்டும் என்று கிறிஸ்தவ மரபு கற்பிக்கிறது. இதில் திருச்சபைகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த நம்பிக்கை எந்த வடிவில் இருக்க வேண்டும், அதை ஒருவர் மற்றொருவரிடம் கடமையாகக் கேட்கலாமா என்னும் இடத்தில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது. சாவு வீட்டு வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமரும் உறவினர், எல்லாம் கர்த்தருடைய சித்தம், விசுவாசி அழக்கூடாது என்று சொல்லும்போது, ஆறுதல் கூறுவதாகவே எண்ணுகிறார். ஆனால் அழுதுகொண்டிருப்பவருக்கோ அந்தச் சொல் கண்ணீரையே விசுவாசக் குறைவாகக் காட்டி, இழப்பின் மேல் குற்றவுணர்வையும் ஏற்றி வைத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை விவிலியத்தில் மிக விரிவாக எடுத்துப் பேசுவது யோபு நூல். அதன் 42 அதிகாரங்களில் முதல் இரண்டும் கடைசி அதிகாரத்தின் பின்பகுதியும் உரைநடை. இடைப்பட்டது பெரும்பாலும் கவிதை. தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கிலுள்ள 'யோபின் பொறுமை' என்னும் தொடருக்கு யாக்கோபு நிருபம் ஆதாரமாக இருந்தாலும், அது நினைவூட்டும் யோபு, பிள்ளைகளையும் உடைமையையும் இழந்தும் பொறுத்துக்கொள்ளும் முதல் இரண்டு அதிகாரங்களின் யோபு மட்டுமே. மூன்றாம் அதிகாரத்தில் அதே மனிதர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் கடவுளைக் கேள்வி கேட்கிறார், வழக்காட அழைக்கிறார், தம்மை விட்டு விலகிப் போகும்படி கூடச் சொல்கிறார். பிரசங்க மேடையில் இந்த யோபுக்கு இடம் கிடைப்பது அரிது.

அவரைத் தேற்ற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் நடத்தையில் பழுது சொல்ல முடியாத பகுதி அந்த ஏழு நாள்தான். பேசத் தொடங்கியதும் அவர்கள் கைக்கொண்டது கைம்மாறுக் கோட்பாடு, அதாவது நல்லவனுக்கு நன்மையும் தீயவனுக்குத் தீமையும் இம்மையிலேயே தவறாமல் வந்து சேரும் என்னும் கொள்கை. கொள்கை சரியென்றால் யோபு குற்றவாளியாக இருந்தே தீர வேண்டும். வீடு இடிந்து இறந்த பிள்ளைகள் பாவம் செய்ததற்குரிய பலனை அடைந்திருப்பார்கள் என்று பில்தாத் அந்தத் தகப்பனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது எலிப்பாஸ், யோபு ஏழைகளின் ஆடையை அடகாகப் பறித்ததாகவும், தாகித்தவனுக்குத் தண்ணீர் தராததாகவும், விதவைகளை வெறுங்கையாய் அனுப்பியதாகவும் பட்டியலே வாசிக்கிறார். இவற்றில் ஒன்றுக்கும் நூலில் ஆதாரமில்லை. கடவுளின் நியாயத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட பக்தி, அதற்காக ஒரு மனிதன் மேல் பொய்க்குற்றம் சுமத்துவதில் வந்து நிற்கிறது. முடிவில் கடவுள் கோபம் கொள்வதும் அந்த நண்பர்கள் மேல்தான்: தம்மைப் பற்றி யோபு பேசியதுபோல அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்கிறார், ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டு, யோபின் வேண்டுதலை நாடும்படி அவர்களுக்கே கட்டளை போகிறது.

இந்த நூலின் 13ஆம் அதிகாரத்து 15ஆம் வசனம் இவ்வகையில் உற்றுநோக்கத் தக்கது. எபிரேய மூலத்தில் அங்கே 'லோ' என்று ஒலிக்கும் ஒரு சிறு சொல் வருகிறது. எழுத்தில் இருப்பது 'இல்லை' என்று பொருள்படும் சொல். ஆனால் மசோரெத்தியர், அதாவது எபிரேய வேதத்தின் பாடத்தைத் துல்லியமாகப் பேணிய இடைக்கால யூத அறிஞர்கள், அதே ஒலியுடைய 'அவருக்கு' என்னும் சொல்லாக வாசிக்கும்படி ஓரக்குறிப்பு எழுதினார்கள். ஓரக்குறிப்பின்படி, கடவுள் கொன்றாலும் அவரையே நம்பியிருப்பேன் என்பது பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனப்பாடமாக அறிந்தது இதுவே. எழுத்தின்படியோ, அவர் கொல்லட்டும், நம்புவதற்கு ஒன்றுமில்லை என்றாகிறது. ஓர் எழுத்து மாறினால் அசையாத நம்பிக்கை முழு அவநம்பிக்கையாகிவிடுகிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்றாலும் வசனத்தின் பிற்பாதி மாறுவதில்லை: தம் வழக்கை அவர் முன்னிலையிலேயே எடுத்துரைப்பேன் என்கிறார் யோபு. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெளிவில்லாத நேரத்திலும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை.

கடவுளைக் கேள்வி கேட்க இடம் கொடுத்தால் விசுவாசம் கரைந்துவிடாதா என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததைக் கடிந்துகொள்வதும் இதே விவிலியம்தான். எனினும் உபாகமம் அந்த முறுமுறுப்பு நிகழ்ந்த இடத்தையும் குறிக்கிறது: அவர்கள் தங்கள் கூடாரங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முறுமுறுப்பு கடவுளைப் பற்றிப் பேசுவது. முறையீடு கடவுளிடமே பேசுவது. யோபின் நண்பர்கள் தங்கள் நீண்ட உரைகளில் ஓரிடத்திலும் கடவுளை நோக்கி வாய் திறக்கவில்லை என்பதை இதோடு சேர்த்து எண்ண வேண்டும். சங்கீதங்களில் மிகுதியான வகை புலம்பல்களே. அவற்றிலும் 88ஆம் சங்கீதம் ஆறுதலின் ஒரு கீற்றும் இன்றி இருளிலேயே முடிகிறது. அதற்கு ஒரு நல்ல முடிவை எழுதிச் சேர்க்க யாரும் துணியவில்லை. சிலுவையில் இயேசு கேட்டதும், ஏன் கைவிட்டீர் என்று 22ஆம் சங்கீதம் தொடங்கும் அந்தக் கேள்வியைத்தான்.

தேவசித்தம் என்னும் சொல்லுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. நாபோத்தின் திராட்சத் தோட்டத்துக்காக அரசி யேசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்து அவனைக் கல்லெறிந்து கொல்லச் செய்தபோது, அவள் கணவனான ஆகாப் அரசனிடம் தீர்க்கதரிசி எலியா போனது அதைத் தேவசித்தம் என்று சொல்ல அல்ல, கொலைக்குக் கணக்குக் கேட்கவே. கூலி மறுக்கப்பட்டவரிடமும் வரதட்சணைக் கொடுமையில் மகளை இழந்தவரிடமும் பொறுமையை மட்டும் போதிக்கும் சபை, மனிதர் செய்ததைக் கடவுள் பெயரில் எழுதிவைக்கிறது. அது ஆறுதலாகாது.

துன்பத்துக்குக் காரணம் விளக்குவதும் துன்பத்துக்குள் நிற்பதும் வேறுவேறு என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் சான்றாகிறார். 1940இல் வலியைப் பற்றிய தர்க்க நூலை வெளியிட்ட அவர், 1960இல் மனைவி புற்றுநோயால் இறந்தபின் எழுதிய துயரக் குறிப்புகளை 1961இல் புனைபெயரில் வெளியிட்டார். முதல் நூலில் கட்டுக்கோப்பான வாதங்கள் இருந்தன. இரண்டாவதில் கடவுள் கதவை அடைத்துக்கொண்டதாகவே ஒருவர் குமுறுகிறார். அவர் விசுவாசத்தை விடவில்லை, விளக்கங்களைத்தான் விட்டார்.

விசுவாசத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'எமூனா'. 'ஆமென்' பிறந்த வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. உறுதி, தளராமை என்பது அதன் அடிப்பொருள். நீதிமான் விசுவாசத்தால் பிழைப்பான் என்னும் ஆபகூக்கின் வாக்கில் வருவது இச்சொல்லே. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு போர் நடக்கையில் மோசே உயர்த்திய கைகள் பொழுது சாயும்வரை உறுதியாயிருந்தன என்னுமிடத்திலும் இதே சொல்தான் நிற்கிறது. அந்தக் கைகள் தாமாக உறுதியாயிருக்கவில்லை; அவை தளர்ந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவனும் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று தாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஏதேனும் பேசியதாக அந்த வசனத்தில் இல்லை.