நோவு காட்டாத நோய்

சரீரம் ஆன்மாவுக்கு இறைவன் அருளிய இல்லமாம். இல்லத்தின் வளையைக் கறையான் அரிக்குங்கால் ஓசை எழாது. வளை முறிந்தபோதே வீட்டார் அறிவர். இரத்தத்திலே மிகும் கொலஸ்திரோலும் அத்தன்மைத்து.

இக்கொழுப்புப் பொருள் முற்றும் தீயதன்று. உடற்கலங்களுக்கு இது வேண்டும். ஈரலே இதனை ஆக்குகின்றது. ஆயின் இதனைச் சுமக்கும் எல்.டி.எல். துணிக்கைகள் மிகுமாயின், நாடிச்சுவரிலே கொழுப்புப் படிந்து பல்லாண்டாக வளரும். ஒருநாள் அப்படிவு வெடிப்பின், இரத்தம் உறைந்து வழி அடைபடும், இருதயத்தசை மாளும். அதுகாறும் நோவு தோன்றாதொழிதலும் உண்டு. ஆதலின் இரத்தப் பரிசோதனையே இதனை அறியும் வாயில் என்க.

மருந்தினாற் பயன் உண்டோவெனின், உண்டு. 1994 ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்விலே, இருதயநோயுற்ற 4,444 பேருட் பாதியினர் சிம்வாஸ்டடின் உட்கொண்டனர். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அவர்பால் மரணம், மருந்தில்லா மாத்திரை பெற்றாரினும் 30 வீதம் குறைந்தது.

“நோவொன்றும் இல்லையே, மாத்திரை எதற்கு?” என்று சிலர் இடையில் நிறுத்துவர். அளவு இறங்கியது மருந்தினாலன்றோ? நிறுத்தின் அது மீள ஏறும். வைத்தியரைக் கேளாது நிறுத்தற்க. வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றைச் சுருக்குக, பயறும் காய்கனியும் பெருக்குக, நாடோறும் நடந்துவருக, புகைத்தலை அறவே விடுக. தாய் தந்தையர் இளவயதில் இருதயநோயுற்றாராயின், மக்கள் காலத்தோடு தம் இரத்தத்தைப் பரிசோதிப்பிக்க.

நம்மை நம்பி வாழ்வாரை எண்ணியேனும் இவ்வுடலைக் காத்தல் நம் கடனாம்.