பதினெட்டாயிரம் ரூபாய் கேபிள்

டிஏசி கருவிக்கு ஒரு யூஎஸ்பி கேபிள், விலை 18,000 ரூபாய். கடைக்காரர் என்னை நம்பி ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். முதல் இரவு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ போட்டேன். வயலின்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. சத்தியமாகக் கேட்டது.

உள்ளே இருக்கும் எஞ்சினியர் சும்மா இருப்பானா? சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்கள் பிழையில்லாமல் வந்து சேர்ந்தால் போதும். 300 ரூபாய் கேபிளும் அதைச் செய்துவிடும். மனைவியை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்து இருபது முறை ஊகித்தேன். பதினொன்று சரி. “காசைச் சுண்டியே பார்த்திருக்கலாம்” என்றாள்.

அப்படியென்றால் முதல் இரவின் சந்தோஷம் பொய்யா? இல்லை, அதுதான் சிக்கல். கண் கலங்கியது நிஜம். காரணம் என்று நான் நினைத்ததுதான் நிஜமில்லை. சர்க்கரை மாத்திரையில் தலைவலி போனவனை யாரும் திட்டுவதில்லை. ஆனால் இங்கே 18,000 ரூபாய் என் அறியாமைக்கான விலை. தெரிந்துகொண்ட பிறகு அந்த வயலின்கள் திரும்பிப் பிரியவே இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “எப்படி இருந்துச்சு சார்?” பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் அதே கேபிளின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “முதல் நாள் ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றேன். பிறகு அவனிடம், “வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல யாரையாவது மாத்திச் செருகச் சொல்லிக் கேட்டுப் பாருங்க தம்பி.”

கடைக்காரர் என்னிடம் அதற்கப்புறம் பேசவில்லை.