உடன் பணியாற்றும் சகோதரி

தில்லி கிட்வாய் நகரில் நடைபெற்ற சத்சங்கத்தின் முடிவில் தமிழ்ச் செவிலியர் ஒருவர் தம் மனக்குறையைக் கூறினார். "சுவாமிஜி, என்னுடன் பணிபுரியும் பெண்ணுக்கு வேலையே தெரியவில்லை. இன்சுலின் அளவை மூன்று முறை கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்து நானே உழைக்கிறேன். இது சேவையா, தண்டனையா?"

களைத்த உள்ளத்தின் கேள்வி அது. 1854-இல் 38 செவிலியருடன் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கும் இத்துன்பம் இருந்தது. சிலரைத் திருப்பி அனுப்பவும் நேர்ந்தது. பின்னர் 1860-இல் அவர் லண்டனில் பயிற்சிப் பள்ளி கண்டார்.

ஆயினும் அப்பெண் கேட்கிறாள் என்பதைக் கவனியுங்கள். இன்சுலின் அளவை இரு செவிலியர் தனித்தனியே சரிபார்ப்பது பல மருத்துவமனைகளின் வழக்கம். தேர்ந்தவரும் கேட்க வேண்டிய இடத்தில்தான் அவளும் கேட்கிறாள். நம் முகச்சுளிப்புக்கு அஞ்சி நாளை அவள் கேளாமலே ஊசியைச் செலுத்திவிட்டால்?

அறியாதாரின் புத்தியைக் கலக்காமல், தான் செவ்வனே செயலாற்றி அவர்களையும் செயலில் ஈடுபடுத்துமாறு கீதை (3.26) அறிவுடையோரைப் பணிக்கிறது. அங்குள்ள 'புத்திபேதம்' என்ற சொல்லை 'மனக்குழப்பம்' என்றே நான் மொழிபெயர்த்து வந்தேன். பிறருடைய தன்னம்பிக்கையைக் குலைப்பதும் அதில் அடங்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பொறுமை என்பது பிழையை மறைப்பதன்று. மருந்தின் அளவு தவறினால் அக்கணமே மருத்துவரிடமும் பொறுப்புச் செவிலியரிடமும் கூறியாக வேண்டும். நம் பொறுமைக்கு நோயாளி விலை கொடுக்கலாகாது.

"முதல் மாதத்தில் நீங்கள் யாரிடம் கேட்டீர்கள், அம்மா?" என்றேன். சற்று மௌனமாக இருந்தவர், கேரளத்து மூத்த செவிலியர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.