பெயருக்கு உரியவர் யார்?

பெயரொன்று தன் பொருளை எவ்வாறு சுட்டுகின்றது என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. சோல் கிறிப்கி 1970 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில், பண்புகளை விவரிப்பதனால் அன்றி, முதலில் இடப்பட்ட பெயர் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கையளிக்கப்பட்டு வரும் தொடர்ச்சியினாலேயே பொருளைச் சுட்டுகின்றது என வாதித்தார். அத்தொடர்ச்சி இடையில் அறுந்தால், அல்லது வேறொருவரால் கைப்பற்றப்பட்டால் நேர்வது யாது? இவ்வினாவுக்கான உதாரணங்களைக் கணினித் துறை இன்று தாராளமாக வழங்குகின்றது.

செய்நிரலாளர் தமக்கு வேண்டிய யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் நூலகமாகத் தொகுத்து வைத்த கூறுகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றார். அப்பெயருக்குரிய கோப்பைக் கண்டுபிடிப்பது கொம்பைலர் எனப்படும் தொகுப்பானின் பணி. அதனிடம் இருப்பதோ தேட வேண்டிய இடங்களின் வரிசை ஒன்றே. சீ மொழியில் கோப்பின் பெயர் மேற்கோட் குறிக்குள் எழுதப்படின், தொகுப்பான் பொதுவாக அழைக்கும் கோப்பு இருக்கும் அடைவில் முதலிலும், பணிக்கப்பட்ட ஏனைய அடைவுகளில் அடுத்தும் தேடும். முதலிற் கிடைத்ததே ஏற்கப்படும். தேடல் அத்துடன் நின்றுவிடும். பைதன் மொழியில் தன் பயிற்சிக் கோப்புக்கு 'ரண்டம்' எனப் பெயரிட்ட மாணவன், அப்பெயருடைய நியம நூலகத்தை அழைக்கையில் தன் கோப்பையே பெற்றுத் திகைப்பதும் இதனாலேயே. இயந்திரத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. "இப்பெயருடையது உண்டா?" என்றே அது கேட்டது; "நீ யார்?" என்று கேட்கவில்லை. யாரை முதலில் நம்புவது என்னும் தீர்மானம் வரிசையை அமைத்தவரால் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது.

பெயர் மயக்கத்தைத் தவிர்க்க அடைமொழி சேர்ப்பது ஒரு வழி. ஜாவா மொழியில், நிறுவனத்தின் இணைய முகவரியைத் தலைகீழாக்கிப் பெயருக்கு முன் இடுவது வழக்கம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என ஊரும் தந்தையும் சேர்த்து வழங்கிய தமிழ் மரபினர்க்கு இது புதிதன்று. அடையின்றி வழங்கிய ஔவையார் என்னும் பெயரோ வெவ்வேறு காலத்துப் புலவர் பலரை ஒருவராக்கிவிட்டது. எனினும் அடைமொழி மயக்கத்தை நீக்குமேயன்றி உரிமையைத் தீர்ப்பதில்லை.

தேடும் இடம் சொந்தக் கணினியாக இருந்தவரை இது சிறு தொல்லையே. இன்று அவ்விடம் பொதுக் களஞ்சியமாகிவிட்டது. 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய என்.பி.எம். களஞ்சியத்தில் 'கிக்' என்னும் பெயரை அஸெர் கொச்சுலு என்ற செய்நிரலாளர் வைத்திருந்தார். அதே பெயருடைய கனடியச் செய்திப் பரிமாற்ற நிறுவனம் வர்த்தகக் குறி உரிமை கோரியது. களஞ்சியத்தார் பெயரை நிறுவனத்துக்கு மாற்றினர். வெகுண்ட கொச்சுலு தமது 250க்கும் மேற்பட்ட பொதிகளை நீக்கினார். அவற்றுள் ஒன்றான 'லெஃப்ட்-பாட்' வெறும் 11 வரிகளால் ஆனது. ஆயினும் அதன்மேல் எழுப்பப்பட்ட எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது.

கொச்சுலுவின் சினம் நியாயமற்றதன்று. முந்தி வந்தவர் அவர். ஆனால் முந்தி வந்தவரும் வலியவரும் வழக்காடியபோது மூன்றாமவரை எவரும் எண்ணவில்லை. பெயரை நம்பி அழைத்துக்கொண்டிருந்தோரே அம்மூன்றாமவர். இலவசமாகக் கொடுத்தவரைக் கொடுத்த குற்றத்துக்காகக் கட்டிப்போடலாமா என வினவலாம். இனிக் கொடுக்க மறுக்க அவருக்கு உரிமை உண்டு. பெயரை வெற்றிடமாக விட்டுச் செல்வது அதனின் வேறானது. அழைப்போர் தொடர்ந்து அழைப்பர். வெற்றிருக்கையில் எவரும் அமரலாம். உண்மையில், சில நிமிடங்களிலேயே அந்நியர் ஒருவர் 'லெஃப்ட்-பாட்' என்னும் பெயரில் அதே நிரலை வெளியிட்டார். அவர் உதவ விரும்பியவராக அமைந்தமை உலகின் நற்பேறு.

அத்தகைய நற்பேற்றை எப்போதும் எதிர்பார்க்க இயலாது என்பதை அலெக்ஸ் பிர்சன் 2021 இல் காட்டினார். பெருநிறுவனங்கள் உள்ளே மட்டும் வழங்கிய பொதிப் பெயர்களைப் பொதுக் களஞ்சியங்களில், உயர்ந்த பதிப்பெண்ணுடன் அவர் பதிந்தார். அப்பிள், மைக்ரோசொப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் அந்நியப் பொதியைத் தமதென ஏற்றன. பாதுகாப்புக் குறைகளை அறிவிப்பதற்கான ஏற்பாடுகளின் கீழ் நடைபெற்ற சோதனை ஆதலால் தீங்கு விளையவில்லை.

என்.பி.எம். களஞ்சியமோ 2016 நிகழ்வையடுத்து, வெளியாகி 24 மணித்தியாலங்கள் கடந்த பொதிகளை ஆசிரியர் தாமாகவே நீக்குவதைக் கட்டுப்படுத்தியது. ஆசிரியரின் உடைமையுரிமை அவ்வளவில் குறுகியது. நம்பியோரின் உரிமை முதன்முறையாக விதியில் இடம்பெற்றது. இன்று பல கருவிகள் பெயரோடு, பொதியின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட அடையாளக் குறியையும் பதிந்து ஒப்பிடுகின்றன. நேற்று வந்த அதே பொருளே இன்றும் வந்தது என அக்குறி உறுதி கூறும். நேற்று வந்தது நம்பத்தக்கதா என்பதைச் செய்நிரலாளரே ஆராய வேண்டியுள்ளது.