மூலைக் கதிர்கள்

போன பெரும்போகத்தில் எனக்கு வெட்டு மெசின் முறை இரவில்தான் கிடைத்தது. வானம் கறுத்துக் கிடந்தது. விளைந்த வேளாண்மை மழைக்குச் சாய்ந்தால் நெல் முளைத்துப் போகும். விளக்குப் போட்டு இறங்கியவர்கள் மூன்று ஏக்கரையும் நாலு மணித்தியாலத்துக்குள் முடித்தார்கள். ஈரநெல் அப்படியே வியாபாரியின் லொறியில் ஏறியது. வீட்டுக்கு வந்து படுத்தவனுக்கு, சூரத்துல் கலமில் வரும் தோட்டக்காரர்களின் ஞாபகம் வந்தது.

ஏழை எவரும் உள்ளே வந்துவிடாதபடி விடியற்காலையிலேயே அறுத்துவிடுவதென்று சத்தியம் பண்ணி, குசுகுசுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். போய்ப் பார்த்தபோது தோட்டம் அழிந்து கிடந்தது. அவர்களது குற்றம் எண்ணத்தில் இருந்தது. எனக்கு அந்த எண்ணமில்லை. மெசினுக்கு எண்ணமே கிடையாது. ஆனாலும் ஏழைகள் வருமுன் என் வயலும் வெட்டி முடிந்திருந்தது. நிய்யத்து இல்லாமலே அதே காரியம் நடந்தால் யார் பொறுப்பு?

வாப்பாவின் காலத்தில் வெட்டு, கட்டு, சூடு வைப்பு, சூடடிப்பு என்று அறுவடை பல நாட்கள் நீளும். வெட்டுக்காரருக்குப் பின்னால் பெண்கள் கதிர் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை, யாரும் விரட்டியதுமில்லை. அது பொற்காலம் என்று நான் எழுத வரவில்லை. இளவயதில் ஒரு பகல் தாக்கத்தி பிடித்துவிட்டு மூன்று நாள் முதுகு நிமிராமல் கிடந்தவன் நான். வெட்டுக்காரரின் பிள்ளைகள் கட்டாருக்குப் போனதில் எனக்கு மனவருத்தமில்லை. இன்று ஆள்கூலி கொடுத்து வெட்டினால் மிஞ்சுவது கடன்தான்.

அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடும்படி சூரத்துல் அன்ஆம் சொல்கிறது. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. பாடுபட்டவனுக்குப் பாதி குறைத்த சட்டம் அது. அப்படியானால் மெசினால் பாடும் செலவும் குறைந்தவன் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டாமா? இது பத்வா அல்ல. ஆலிம்கள் கோபிக்க வேண்டாம். ஒரு வயற்காரனின் கணக்கு.

நான் ஸக்காத்தைக் காசாகக் கொடுப்பவன். அந்தப் போகமும், வழமையாகப் பொறுக்க வரும் ராத்தா ஒருவருக்கு வீட்டு வாசலில் வைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். போகும்போது சொன்னார்: "நான் பொறுக்கத்தான் வாறனான் தம்பி. கேட்டு வாறல்ல."

அந்தச் சொல் என்னை விடவில்லை. வயலில் குனிந்தவருக்கு யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் வாசலில் அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தொகை கூடத்தான், ஆனால் தன் உரிமையை எடுக்க வந்தவர் என் தயவுக்குக் காத்து நிற்பவராகியிருந்தார்.

வரம்பு மூலைகளில் மெசின் திரும்பாது. அங்கே கையால்தான் வெட்ட வேண்டும். அதற்குத் தனியாக ஆள் பிடிப்போம். சிறுபோகத்தில் நான் ஆள் பிடிக்கவில்லை. மூலைகள் உங்களுடையவை, என்னிடம் கேட்க வேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். முதல்நாளே மகளோடு வந்து வெட்டிக்கொண்டு போயிருந்தார். கட்டு எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

பக்கத்து வயல் மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "நீ பழக்கிவிட்டா நாளைக்கு எங்கட வட்டைக்குள்ளயும் இறங்குவாங்க" என்றார். இறங்கட்டுமே என்று வாய்வரை வந்தது. உரக்கடையில் அவருக்கிருக்கும் கடன் எனக்குத் தெரியும். பேசாமல் வந்துவிட்டேன்.