தோற்றவனுக்கா தொழிற்கல்வி?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிபடுவதுண்டு: "இவனுக்குப் படிப்பு வரல்ல. மோட்டார் வேலைக்காவது போகட்டும்."

இவ்வசனத்திலுள்ள 'ஆவது' என்ற சிறு சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குங்கள். அதற்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பேனா பிடிப்பவன் வென்றவன், ஸ்பனர் பிடிப்பவன் தோற்றவன் என்பதே அத்தீர்ப்பு. கிறிஸ்தவ மனச்சாட்சி இதை ஏற்குமா?

படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்வோம். வாவியின் மேற்குப் புறத்தே வயல்கள் சூழ்ந்த ஊர் அது. 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையைக் கடக்க மக்கள் 'பாதை'யை நம்பியிருந்தனர். இன்று நெல்மூட்டையும் நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் சில்லுகளின்மேல் பாலத்தைக் கடக்கின்றனர். விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரம் நின்றால் வயல் வேலையும் நின்றுவிடும். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அவ்வளவு காலமும் பழைய வாகனங்களை ஓடவைத்தவர்கள் யார்? நாம் 'ஆவது' போட்டுப் பேசுகின்ற அதே பிள்ளைகள்தாம்.

ஆயினும் பயன் ஒன்றே தொழிலுக்கு மதிப்புத் தருகிறது என்பது பாதி உண்மையே. அப்படியானால் பயனற்றுப்போகும் நாளில் மனிதனும் மதிப்பிழந்து போவானே! புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 1981 இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் மாண்பு முதலில் அதன் வகையைப் பொறுத்ததன்று, அதைச் செய்பவன் மனிதன் என்பதைப் பொறுத்தது என்று கற்பித்தார். நம் ஆண்டவரைத் தச்சர்தானே என்று சொல்லி நாசரேத்தூரார் இடறல்பட்டதை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர்களைக் குறைகூறும் நாம், நம் வீட்டுத் திண்ணையில் அதையே செய்யலாமா?

இனி, தொழிற்பாடசாலை எதைக் கற்பிக்கிறது என்று பாருங்கள். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 3' என்னும் வகை, புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்காதிருக்க வேண்டும் என்பது நியமம். ஈரமேறிய பின்னரோ அந்த அளவு 140 பாகைதான். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும்; மிதித்த பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. மாற்றாத எண்ணெயை மாற்றியதாகச் சிட்டை எழுதினால் வண்டிக்காரருக்குத் தெரியவராது. அதை அறிந்தவர் இருவரே: வேலை செய்தவனும் கடவுளும். ஒரு குடும்பத்தின் உயிர் அவனுடைய நேர்மையில் தங்கியிருக்கிறது. ஹைபிரிட் கார்களிலோ 200 வோல்ட்டும் அதற்கு மேலும் வலுவுள்ள மின்கலத் தொகுதிகள் உண்டு. காரணம் அறியாமல் கைவைத்தால் உயிர் போகும். பார்த்துப் பழகுவது மட்டும் இனிப் போதாது. படித்தே பழக வேண்டும். அறிவும் மனச்சாட்சியும் ஒருங்கே தேவைப்படும் தொழிலை அறிவில்லாதவனுக்கு உரியது என்று எப்படிச் சொல்வது?

நம் கிழக்கு மண்ணுக்கு இது புதிய சிந்தனையன்று. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளாரை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த அவர், முதிய வயதில் மட்டக்களப்பின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். தொழில் கற்க வந்த வாலிபரைத் தோற்றவர்களாக அவர் கண்டிருந்தால், தம் கடைசி ஆண்டுகளை அவர்களுக்குக் கொடுத்திருப்பாரா?

பெற்றோரின் அச்சமும் எமக்குப் புரிகிறது. கராஜில் எடுபிடியாகவே காலம் கழிந்துவிடுமோ, நாளை பெண் கொடுப்பார்களோ என்று கலங்குகிறீர்கள். ஆனால் முறையாகப் பயில்பவனுக்கு இன்று படிகள் உண்டு. தேசிய தொழில் தகைமையில் 4 ஆம் மட்டம் வரை சான்றிதழ். 5 உம் 6 உம் டிப்ளோமா. 7 ஆம் மட்டம் பட்டம். ஏறும் வழி அடைபடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் நாட்டமுள்ள பிள்ளையை, வீட்டில் பணமில்லை என்பதற்காகப் பட்டறைக்குத் தள்ளுவதும் அநீதியே. அதற்குப் பங்குச் சமூகமும் பொறுப்பேற்க வேண்டும். எவ்வழியானாலும், கடவுள் பிள்ளையிடம் வைத்த திறமையைக் கண்டறிந்து வளர்ப்பதே பெற்றோரின் கடமை. அயலவர் என்ன சொல்வார் என்பதை வைத்து அதைத் தீர்மானிக்கக்கூடாது.

ஆகவே பெற்றோரே, அடுத்த பெறுபேறு வரும்போது பிள்ளையை அருகில் இருத்தி, அவன் விருப்பத்தைக் கேளுங்கள். மோட்டார் தொழிலே அவன் நாட்டமெனில் ஆசீர்வதித்து அனுப்புங்கள். அயலவர் விசாரித்தால், "மகன் மோட்டார் தொழில் படிக்கப் போகிறான்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அந்த 'ஆவது' மட்டும் வேண்டாம்.